எலியின் வயிற்றில் நான் பார்க்கத் தவறியது

வயல் எலிகளின் குடற்புழுக்களைப் பற்றி முனைவர் பட்ட ஆய்வு செய்வதென்று முடிவெடுத்து, 2023 புரட்டாசியில் சேரன்மகாதேவிக்கும் பத்தமடைக்கும் இடையிலுள்ள கன்னடியன் கால்வாய்ப் பாசன வயல்களில் நான் இறங்கியபோது, ஏறத்தாழ இரண்டு ஆண்டுகளும் என் கைக்காசு 1,38,000 ரூபாயும் இதில் கரையப் போகின்றன என்று எவரும் எச்சரிக்கவில்லை. எச்சரிக்க வேண்டிய இடத்தில் இருந்தவர்களுக்கே அது தெரிந்திருந்ததா என்பது ஐயம்தான். எங்கள் துறையில் புழு பார்ப்பவர் புழுவை மட்டும் பார்ப்பார். இரத்தத்தில் வாழும் கிருமிகளைப் பார்ப்பவர் அடுத்த அறையில் இருப்பார். இருவரும் ஒரே கடையில் தேநீர் குடித்தாலும் எலியைப் பற்றிப் பேசிக்கொள்வதில்லை. வயலில் வாழும் எலியின் உடம்பில் ஒரே ஒரு நோய் தனியாகக் குடியிருப்பது அரிது என்பதும், அங்கே இருக்கும் புழுக்களும் கிருமிகளும் ஒன்றையொன்று சில வேளை அமுக்கியும் சில வேளை தூக்கியும் விடுகின்றன என்பதும் இழப்புக்குப் பிறகே எனக்கு விளங்கின. இனி இந்த வேலையில் இறங்குபவருக்காவது பயன்படட்டும் என்று, நடந்ததை நடந்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

பேட்டையில் ஒரு பட்டறையில் ஒன்று 350 ரூபாய் வீதம் நாற்பது கம்பிக் கூண்டுப் பொறிகள் செய்து வாங்கினேன். முதல் இரண்டு வாரத்தில் அகப்பட்டவை மூன்று சுண்டெலிகளும் ஒரு தவளையும் மட்டுமே. வரப்பைக் குடைந்து கதிரைச் சேமிக்கும் கரம்பை எலி புதிய பொருள் எதையும் எளிதில் நம்பாது. பொறியின் கதவைக் கட்டித் திறந்தே வைத்து, உள்ளே சுட்ட கருவாட்டுத் துண்டும் தேங்காய்ச் சில்லும் போட்டு மூன்று இரவு பழக்கிய பிறகு, நான்காம் இரவுதான் கதவை விட வேண்டும் என்பதை எனக்குச் சொன்னவர், அந்தப் பக்கத்தில் நெடுங்காலமாக எலி பிடித்துவரும் ஒரு பெரியவர். வளையின் வாயில் ஈரம் காயாத புதுமண் குவிந்திருந்தால்தான் உள்ளே ஆள் இருக்கிறது என்பதும் அவர் காட்டிக்கொடுத்ததே. கூலி கொடுத்து அவரை முதல் நாளே அழைத்திருந்தால் அந்த இரண்டு வாரம் மிஞ்சியிருக்கும்.

பொறிகள் பிடிக்கத் தொடங்கிய சமயத்தில், 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் நம் திருநெல்வேலி மாவட்டமும் தூத்துக்குடி மாவட்டமும் கண்ட பெருமழையும் தாமிரபரணி வெள்ளமும் வந்தன. ஊரார் இழந்ததற்கு முன் என் இழப்பு சொல்லத் தக்கதன்று. முப்பத்தொரு பொறிகள், அதாவது 10,850 ரூபாய், தண்ணீரோடு போயின. தண்ணீர் வடிந்த நான்காம் நாள், மிஞ்சிய பொறிகளைத் தேடி வெறுங்காலோடு சேற்றில் நடந்தேன். மேட்டு வரப்பில் மட்டும் பிழைத்த எலிகள் நெருக்கியடித்துக்கொண்டு இருந்தன. கால் வைத்த இடமெல்லாம் புதுமண்ணும் புழுக்கையும். என் குதிகாலில் பழைய வெடிப்பு ஒன்று ஆறாமல் இருந்ததை நான் பொருட்படுத்தவில்லை. ஜனவரி 2-ஆம் தேதி காய்ச்சல் தொடங்கியது.

முதலில் போன இடத்தில் வைரஸ் காய்ச்சல் என்று சொல்லி மாத்திரை கொடுத்தார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை, ஏனென்றால் நான் நாள்தோறும் எலியைக் கையால் பிடிப்பவள் என்பதை அங்கே சொல்லவே இல்லை. ஐந்தாம் நாள் கண்ணில் பீளை இல்லாமலே செக்கச் சிவந்தது, கெண்டைக்கால் தசை வலித்து மாடிப்படி இறங்க முடியவில்லை, ஆறாம் நாள் கண் மஞ்சளாயிற்று. வேறொரு மருத்துவமனையில் சேர்ந்தபோது அங்கிருந்த மருத்துவர் கேட்ட முதல் கேள்வியே என்ன வேலை செய்கிறாய் என்பதுதான். எலிக்காய்ச்சல் என்று உறுதியான பிறகும் அவர் நிற்கவில்லை. டெங்குவுக்குப் பார்த்தார், பிறகு அக்குளிலும் முழங்காலின் பின்புறத்திலும் கறுத்த பொருக்கு ஏதாவது இருக்கிறதா என்று தேடினார். புல்லிலும் புதரிலும் உள்ள சிறு உண்ணிகளின் இளம்புழுக்கள் பரப்பும் ஸ்கிரப் டைபஸ் காய்ச்சலும் எலி நடமாட்டத்தோடு சேர்ந்தே வருவதால், ஒரு சோதனை ஆம் என்று சொன்னதும் மற்றதை விட்டுவிடக் கூடாது என்றார். அவர் என் உடம்பில் செய்ததை நான் எலியின் உடம்பில் செய்யவில்லை என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை. ஒன்பது நாள் படுக்கை, 46,000 ரூபாய். எலிக்காய்ச்சலைத் தரும் லெப்டோஸ்பைரா கிருமி எலியின் சிறுநீரகத்தில் குடியிருந்து, எலிக்கு வெளிப்படையான நோய் எதையும் தராமலே சிறுநீர் வழியாக வெளியேறிக்கொண்டிருக்கும் என்பது எனக்குப் பாடமாகத் தெரிந்ததுதான். தெரிந்தும் ரப்பர் பூட்சும் கையுறையும் வாங்க 600 ரூபாய்க்குக் கணக்குப் பார்த்தேன். இந்த வேலைக்குப் போகிறவர் எந்தக் காய்ச்சலுக்குப் போனாலும் தொழிலை முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிடுங்கள். வெள்ளத்துக்குப் பின் இறங்குவதானால் முன்தடுப்பாக டாக்சிசைக்ளின் என்னும் கிருமிக்கொல்லி மாத்திரை வேண்டுமா என்பதை மருத்துவரிடம் கேட்டு, அவர் சொன்னால் மட்டும் எடுங்கள்.

பிசான நெற்போகம் போயிற்று. 2024 கார் நெற்போக அறுவடைக்கு முன், ஆவணியில் மறுபடி தொடங்கினேன். திட்டம் எளிமையானது: பிடித்த எலிக்குக் காதில் எண் வில்லை மாட்டி, எடை பார்த்து, புழுக்கை எடுத்து, பாதி எலிகளுக்கு ஐவர்மெக்டின் என்னும் புழுக்கொல்லி மருந்து கொடுத்து, மற்றப் பாதிக்கு வெறும் தண்ணீர் கொடுத்து, பிடித்த வளையருகிலேயே விடுவது, மூன்று வாரம் கழித்து மறுபடி பிடித்துப் புழு முட்டை குறைந்ததா என்று எண்ணுவது. விலங்கு நெறிமுறைக் குழுவின் அனுமதி கையில் இருந்தது. வயல்காரர்களின் அனுமதி அவ்வளவு எளிதில் கிடைக்கவில்லை. "ஏம்மா, புடிச்ச எலிக்கு வைத்தியம் பாத்துத் திரும்ப எங்க வயல்லயே விடுதியாம்லா?" என்று ஓர் அண்ணாச்சி கேட்டதற்கு என்னிடம் நேர்மையான மறுமொழி இல்லை. கதிர் முற்றும் நேரத்தில் எலியைக் கொல்லாமல் விடுவது அவருக்கு நெல் இழப்பு. எனக்குத்தான் அது ஆய்வு. மூன்று வயல்களுக்கும் சேர்த்து 6,000 ரூபாய் ஈடு கொடுத்தேன். இந்தத் தொகையை நல்கை விண்ணப்பத்திலேயே எழுதியிருக்க வேண்டும். கேட்டால் கொடுப்பார்கள் என்பது பின்னால் தெரிந்தது.

ஐம்பத்தெட்டு எலிகளுக்கு வில்லை மாட்டினேன். வாலிலிருந்து ஒரு சொட்டு இரத்தம் எடுத்துக் கண்ணாடிச் சில்லில் இழுத்துக் காயவைத்த முதல் இரவு, மறுநாள் மெத்தனாலில் நனைத்துக்கொள்ளலாம் என்று மேசையில் வைத்துவிட்டுத் தூங்கினேன். விடிந்து பார்த்தால் பன்னிரண்டு சில்லுகளிலும் இரத்தப் படலத்தில் ஓரம் ஓரமாகச் சிறு சிறு வெற்றிடங்கள். சிற்றெறும்புகள் வரிசை கட்டித் தின்றுகொண்டிருந்தன. நம் ஊர் வீட்டில் இரத்தப் படலத்தை ஒரு மணி நேரம் கூட மெத்தனாலில் நனைக்காமல் வைக்கக் கூடாது. சொல்லப் போனால், அந்தப் படலங்களை நான் எடுத்ததே ஒரு சடங்குக்காகத்தான். 'உன் தலைப்பு புழு, புழுவை எண்ணு' என்பதே எனக்குச் சொல்லப்பட்டிருந்த அறிவுரை.

மூன்று வாரம் கழித்து வில்லையோடு மறுபடி அகப்பட்டவை பதினேழுதான். மருந்து கொடுத்த எலிகளில் புழு முட்டை நன்றாகக் குறைந்திருந்தது; அந்த மாலை வீட்டுக்கு மிகுந்த மகிழ்ச்சியோடு போனேன். ஆனால் அவற்றில் சில, மருந்து கொடுக்காதவற்றைவிட இளைத்திருந்தன, புழுக்கை குழைவாக இருந்தது. மருந்து அதிகமாகிவிட்டதோ என்று அஞ்சி மூன்று நாள் தூக்கம் இல்லை. பெரியவர் ஓர் எலியை வாலைப் பிடித்துத் தூக்கிப் பார்த்துவிட்டு, "பாப்பா, பூச்சி செத்துட்டுங்க, எலி நல்லா இல்லியே. அதுக்கு உள்ள வேற ஏதும் இருக்கான்னு பாத்தியா?" என்றார். நான் பார்த்திருந்தேன், அதுதான் கொடுமை. உப்புக் கரைசலில் மிதக்கவிட்டுப் பார்த்த ஒவ்வொரு முறையும், நீள்வட்டமான புழு முட்டைகளுக்கு இடையே சிறியதாக, உருண்டையாக, இரட்டைக் கோட்டு விளிம்போடு ஏதோ கிடந்தது. மருந்து கொடுத்த எலிகளில் அது மணல் இறைத்தது போல் கிடந்தது. மகரந்தம் என்று நினைத்து எண்ணாமல் தள்ளினேன். நெற்பூவின் காலம் எப்போதோ முடிந்திருந்தது என்பதுகூட மண்டையில் ஏறவில்லை.

அவை காக்சிடியா என்னும் ஓரணு ஒட்டுண்ணியின் முட்டையுறைகள், அதாவது ஊசிஸ்டுகள் என்பதை இரண்டு மாதம் கழித்து ஒரு பாடநூல் படத்தில் பார்த்து அறிந்தேன். உடனே எடுத்து வைத்த புழுக்கைப் புட்டிகளைத் திறந்தேன். எல்லாவற்றையும் ஃபார்மலினில் போட்டிருந்தேன். புழு முட்டையை உருக்குலையாமல் எண்ணுவதற்கு ஃபார்மலின் நல்லது. ஆனால் காக்சிடியாவின் ஊசிஸ்ட் எந்த இனத்தது என்று சொல்ல வேண்டுமானால் அது உயிரோடு இருந்து, காற்றுப் பட்டு, சில நாளில் உள்ளே பிரிந்து முதிர வேண்டும். ஃபார்மலினில் அது செத்துவிடும். மரபணுச் சோதனையாவது செய்யலாம் என்று வெளியூர் ஆய்வகம் ஒன்றுக்கு 23,000 ரூபாய் கட்டி அனுப்பினேன், ஃபார்மலின் டி.என்.ஏ.வையும் சிதைத்திருந்ததால் எதுவும் தேறவில்லை என்று ஒரு வரியில் மறுமொழி வந்தது. அந்தப் போகத்தின் கூலி, மருந்து, பேருந்து, பெட்ரோல் எல்லாம் சேர்த்து 52,000 ரூபாயும் அதோடு போயிற்று. அன்று நான் அழுதது பணத்துக்காகவா, கண்ணெதிரே கிடந்ததை மகரந்தம் என்று தள்ளிய வெட்கத்துக்காகவா என்று இன்றும் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

அதன் பிறகே படிக்க வேண்டியதைப் படித்தேன். சாரா நோல்ஸ், ஏமி பெடர்சன் உள்ளிட்டோர் இங்கிலாந்தின் காட்டுச் சுண்டெலிகளில் செய்து 2013-இல் வெளியிட்ட ஆய்வில், நான் தற்செயலாகச் செய்ததையே அவர்கள் திட்டமிட்டுச் செய்திருந்தார்கள். அந்தச் சுண்டெலிகளின் சிறுகுடலில் ஹெலிக்மோசோமாய்டிஸ் என்னும் உருண்டைப் புழு மிகுதி. ஐவர்மெக்டின் கொடுத்து அதைக் குறைத்ததும், குடலின் அதே பகுதியில் வாழும் ஐமீரியா இனக் காக்சிடியா ஒன்று 15 மடங்கு பெருகியது. குடலின் வேறு பகுதியிலும் இரத்தத்திலும் வாழ்ந்த மற்ற ஒட்டுண்ணிகளிடம் அத்தகைய மாற்றம் தெரியவில்லை. மருந்தின் வேகம் தணிந்து புழு திரும்பி வந்ததும் காக்சிடியாவும் பழைய அளவுக்கு இறங்கியது. ஒரே மடையில் பாயும் இரண்டு வயல்காரர்களில் ஒருவர் வராத அன்று மற்றவர் வயல் நிரம்புவது போன்ற கணக்கு இது. என் எலிகளிலும் இதுதான் நடந்தது என்று நான் சொல்லத் துணிய மாட்டேன். அவை வேறு எலிகள், வேறு புழுக்கள். பதினேழு எலிகளைக் கொண்டு எதையும் நிறுவ முடியாது, நிறுவுவதற்கான புட்டிகளை நானே கெடுத்துவிட்டேன்.

இடத்துக்கான போட்டி ஒரு வழி மட்டுமே. வேறு இரண்டு வழிகளையும் மனத்தில் வைத்துக்கொண்டு திட்டமிட வேண்டும். புழுவைப் போன்ற பெரிய உயிரை எதிர்க்க உடம்பு சளியைப் பெருக்குகிறது, ஈயோசினோஃபில் என்னும் வெள்ளையணுக்களைத் திரட்டுகிறது. செல்லுக்குள் நுழையும் கிருமியை எதிர்க்க இண்டர்ஃபெரான் காமா என்னும் புரதம் முதலிய வேறு ஆயுதங்களை எடுக்கிறது. ஒரு கை ஓங்கினால் மறு கை தாழும் அமைப்பு இது. போதாததற்கு நெடுநாள் தங்கும் புழுக்கள் தம்மைக் காத்துக்கொள்ள எதிர்ப்பாற்றலையே சற்று அடக்கி வைக்கின்றன. ஆகவே புழு இருக்கும் எலியில் சில கிருமிகள் செழிக்கலாம். இன்னொரு வழி உணவு. இரத்தத்தைக் குடிக்கும் புழு சிவப்பணுக்களைக் குறைத்துவிட்டால், சிவப்பணுவுக்குள் வாழ வேண்டிய கிருமிக்கு வீடு கிடைக்காது. அப்போது புழு கிருமியைக் குறைக்கும். ஆய்வகச் சுண்டெலிகளில் செய்யப்பட்ட பல சோதனைகளை ஒன்றுதிரட்டி ஆண்டிரியா கிரகாம் 2008-இல் காட்டியது ஏறத்தாழ இதைத்தான். எனவே புழுவை எடுத்தால் கிருமி கூடுமா குறையுமா என்று பொதுவாகக் கேட்பதில் பொருளில்லை. எந்தப் புழு, எந்தக் கிருமி, உடம்பின் எந்த இடம் என்று கேட்க வேண்டும். புழு இல்லாத இடத்திலும் இதே கதைதான். வட இங்கிலாந்தின் கீல்டர் காட்டில் புல்வெளி எலிகளைப் பல ஆண்டு பிடித்துப் பிடித்து விட்டுப் பார்த்த சாண்டிரா டெல்ஃபர் குழுவினர், பசு அம்மை வைரஸ், பபேசியா, பார்ட்டனெல்லா, அனபிளாஸ்மா ஆகிய கிருமிகளில் ஒன்று இருப்பது மற்றொன்று தொற்றும் வாய்ப்பைப் பருவகாலத்தையும் வயதையும்விட அதிகமாக மாற்றுவதை 2010-இல் எழுதினார்கள். நான் பருவத்தையும் வயதையும் பத்தி பத்தியாகக் குறித்து வைத்திருந்தேன்.

மருந்தைத் தேர்ந்ததிலும் எனக்குச் சறுக்கல் உண்டு. ஐவர்மெக்டின் உருண்டைப் புழுவை மட்டும் கொல்வதில்லை, தோலில் இருக்கும் பேனையும் உண்ணியையும் சேர்த்தே கொல்கிறது. அவை சுமந்துவரும் கிருமிகளின் எண்ணிக்கை பிறகு மாறினால், அது புழு போனதாலா உண்ணி போனதாலா என்று பிரிக்க வழியில்லை. அதே மருந்து நாடாப் புழுவை ஒன்றும் செய்யாது; அதற்குப் பிராசிகுவாண்டல் வேண்டும். நம் வயல் எலிகளில் நாடாப் புழு தாராளமாக உண்டு; இறந்து கிடந்த ஓர் எலியை அறுத்தபோது ஈரலில் பட்டாணி அளவில் வெள்ளைக் கட்டி ஒன்றைக் கண்டேன். கீறியதும் உள்ளே மடிந்து கிடந்த நீண்ட இளம்புழு அவிழ்ந்து வந்தது. அது பூனையின் குடலில் வாழும் நாடாப் புழுவின் இளம்பருவம்; பூனை இந்த எலியைத் தின்றால்தான் அதற்கு மறுவாழ்வு. என் அட்டவணையில் அந்த எலியின் பெயருக்கு நேரே 'புழு நீங்கியது' என்று எழுதியிருந்தேன். மருந்தை மாற்ற வேண்டும், நாடாப் புழுவுக்கு இன்னொன்று சேர்க்க வேண்டும் என்று நெறிமுறைக் குழுவுக்கு மறுபடி விண்ணப்பித்ததில் நான்கு மாதம் கழிந்து, 2024–25 பிசானமும் கையை விட்டுப் போயிற்று. இரண்டு மருந்துகளுக்கும் முதலிலேயே அனுமதி வாங்கி வைத்துக்கொள்வதற்குக் கூடுதல் செலவு ஏதும் இல்லை.

இதையெல்லாம் வீட்டில் சொன்னபோது அப்பா கேட்ட கேள்வி வேறு: அப்படியானால் எலிக்குப் புழு மருந்து வைத்தால் எலிக்காய்ச்சல் ஊரில் குறையுமா, கூடுமா? தென்னாப்பிரிக்காவின் க்ரூகர் தேசியப் பூங்காவிலுள்ள காட்டெருமைகளைப் பற்றி வனெஸ்ஸா எசென்வாவும் ஆனா ஜோல்ஸும் 2015-இல் எழுதியதை அவருக்குச் சொன்னேன். புழு நீக்கப்பட்ட எருமைகளுக்குக் காசநோய் தொற்றுவது குறையவில்லை; ஆனால் தொற்றிய பிறகு அவை பிழைத்திருப்பது ஒன்பது மடங்கு கூடியது. தனி எருமைக்கு அது நல்லது; நோயோடு நெடுநாள் உயிர் வாழும் எருமை மந்தையில் அதைப் பரப்பிக்கொண்டே இருக்கும் என்பதால் மந்தைக்கு அது நல்லதா என்பது வேறு கணக்கு. அப்பா சிறிது நேரம் யோசித்துவிட்டு, நம் வயல் எலிக்கு மருந்தெல்லாம் வைக்க வேண்டாம் என்று முடிவு சொன்னார்.

2025 காருக்கு மூன்றாம் முறையாக இறங்கினேன். இப்போது ஒவ்வோர் எலியின் புழுக்கையும் மூன்று பங்காகிறது: ஒன்று அன்றே உப்புக் கரைசலுக்கு, ஒன்று எழுபது விழுக்காட்டுக்கு மேற்பட்ட எத்தனால் என்னும் சாராயத்தில் மரபணுவுக்கு, ஒன்று 2.5 விழுக்காடு பொட்டாசியம் டைக்குரோமேட்டில் காக்சிடியாவுக்கு. டைக்குரோமேட் நச்சு, கையுறை இல்லாமல் தொடக் கூடாது. புட்டியில் நிறைத்து மூடி வைத்தாலும் பயனில்லை, அகன்ற தட்டில் மெல்லிய படலமாக விட்டுக் காற்றுப் படவைக்க வேண்டும். ஊசிஸ்டுகள் நாளின் எல்லா நேரமும் ஒரே அளவில் வெளியேறுவதில்லை என்பதால் எல்லா எலிகளின் புழுக்கையையும் ஒரே நேரத்தில், விடியலில் பொறி எடுக்கும்போதே சேகரிக்கிறேன். இரத்தப் படலம் வயல் வரப்பிலேயே மெத்தனாலில் முங்குகிறது. உண்ணிகளைச் சீப்பால் வாரி எண்ணி, சாராயத்தில் போடுகிறேன். எலி ஒன்றுக்கு ஆகும் நேரம் பன்னிரண்டு நிமிடத்திலிருந்து முப்பத்தைந்து நிமிடமாயிற்று. ஒரு நாளில் பிடிப்பதைப் பாதியாகக் குறைத்துக்கொண்டேன்.

ஆறாம் நாள் காலை, ஆரஞ்சு நிறத் தட்டிலிருந்து ஒரு சொட்டு எடுத்து நுண்ணோக்கியில் வைத்தபோது, மகரந்தம் என்று நான் ஒரு போகம் முழுவதும் தள்ளிய அந்த உருண்டைகள் ஒவ்வொன்றுக்குள்ளும் நான்கு சிறு பைகள் தெளிவாகப் பிரிந்திருந்தன, ஐமீரியாவுக்கே உரிய அமைப்பு. கூலி வாங்க வந்திருந்த பெரியவரையும் குனிந்து பார்க்கச் சொன்னேன். ஒரு கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் பார்த்தவர், "இதையா போன காருக்குத் தூக்கி எறிஞ்ச?" என்று கேட்டுவிட்டு, நாளைக்கு எத்தனை பொறி வைக்க வேண்டும் என்றார்.